நல்ல ஹிட்டன் ஆப்ஜெக்ட், அட்வென்ச்சர் கேம் உங்களுக்கு எப்படிச் சிக்கியது? அனுபவம் சொல்லுங்க

திண்ணைவாசி

ஹிட்டன் ஆப்ஜெக்ட் என்றால் படத்தில் ஒளிந்திருக்கும் பொருள்களைத் தேடிப் பொறுக்குகிற ஆட்டம். அதில் ரேவன்ஹர்ஸ்ட் ஆடியவர்களுக்கு அந்தக் கதவுப் பூட்டுகளை மறக்க முடியாது. ஒரு உருண்டையைத் தட்டினால் அது ஒரு சக்கரத்தைத் திருப்ப, அது வேறொன்றை இழுக்க, பூட்டு என்பதே ஒரு பெரிய இயந்திரமாக இருக்கும். 2006-இல் வந்தது, மிஸ்ட்ரி கேஸ் ஃபைல்ஸ் வரிசையில் மூன்றாவது. அத்தை வீட்டு சிஸ்டத்தில், பிக் ஃபிஷ் கம்பெனி தரும் ஒரு மணி நேர இலவச டிரையலில்தான் முதலில் பார்த்தேன். ஒவ்வொரு அறையிலும் பொருள்களைப் பொறுக்கி முடித்தால் எம்மா என்ற பெண்ணின் டைரிப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். சார்லஸ் டாலிமர் கல்யாணம் கேட்கிறான், அவள் மறுக்கிறாள், அதற்கப்புறம் அவள் உடம்பு நாளுக்கு நாள் மோசமாகிறது. ஏன் மோசமாகிறது என்று லேசாகப் பிடிபடத் தொடங்கிய பக்கத்தில், நானும் அத்தை மகனும் திரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும்போது, டக்கென்று ஒரு பெட்டி வந்து நின்றது. நேரம் முடிந்தது, வாங்கினால் தொடரலாம், விலை டாலரில். அந்த வீட்டில் யாரிடமும் கிரெடிட் கார்டு கிடையாது. அத்தை வந்து "என்னடா செத்த வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்றார்.

அப்புறம் சம்பாதிக்க ஆரம்பித்து வாங்கி முடித்தாயிற்று. ஆனால் அந்த மாதிரி அடுத்த பக்கத்துக்காகத் தேட வைக்கிற ஆட்டம் இப்போது கிடைப்பதில்லை. இறக்குவதெல்லாம் மழையில் கார் கவிழ்வதில் தொடங்கி, யாரோ ஒரு குழந்தை காணாமல் போய், ஊதா நிறப் புகையில் ஒரு சூனியக்காரி சிரிப்பதில் போய் நிற்கிறது. நல்லது எப்படிச் சிக்கியது, எந்த இடத்தில் பிடித்துப்போனது, சொல்லுங்கள்.

வெள்ளரிப்பிஞ்சு

எங்கள் வீட்டில் ஆடுவது நான் இல்லை, அம்மா. இங்கிலீஷ் வாசிக்க மாட்டார், அதனால் பட்டியல் பார்த்துப் பொருள் தேடுகிற ஆட்டமெல்லாம் பாதியில் நின்றுவிடும், ஒவ்வொரு சொல்லுக்கும் என்னைக் கூப்பிடுவார். மெஷினேரியம் போட்டுக் கொடுத்தேன். செக் நாட்டில் அமானிடா டிசைன் செய்தது, 2009. அதில் வசனமே கிடையாது, யாராவது ஏதாவது சொல்ல நினைத்தால் தலைக்கு மேல் படமாக ஓடும். குப்பைமேட்டில் கொட்டப்பட்ட ஒரு ரோபோ தன் கை கால்களைத் தானே தேடி மாட்டிக்கொள்வதில் தொடங்கும். உடம்பை உயர்த்தவும் குறுக்கவும் முடியும், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதை மட்டும்தான் எடுக்க முடியும்.

அதில் மேலே ஒரு புத்தகம் இருக்கிறதே, முழு விடையும் படமாக வரைந்து வைத்திருக்கும். அதைத் திறக்க ஒரு சின்னச் சாவியை ஓட்டிச் சிலந்திகளைச் சுட்டுத் தள்ள வேண்டும். அம்மா எங்கோ மாட்டிக்கொண்டார். புத்தகம் இருக்கே அம்மா என்றேன். "பக்கத்து பெஞ்சுக்காரன் பேப்பரைப் பார்த்து எழுதற மாதிரி அது, வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் சிலந்தி சுடுகிற ஆட்டம் மட்டும் பிடித்துப்போய், அதை முடிப்பார், பூட்டு திறக்கும், விடைப் பக்கம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டே புத்தகத்தை மூடுவார். மறுபடியும் சுடுவார். இந்தக் காட்சி எனக்கு எப்போது நினைத்தாலும் சிரிப்பு. இந்த மாதிரி எழுத்தே இல்லாதவை வேறு தெரிந்தால் சொல்லுங்கள், சாமரோஸ்ட் முடித்துவிட்டார்.

ரிடையர்டு வாத்தியார்

தம்பி திண்ணைவாசிக்கு. ஹிட்டன் ஆப்ஜெக்ட் என்பதே ஒரு பொய் வேலை என்பது என் கருத்து. துப்பறிய வந்தவன் ஒரு அலமாரியைத் திறந்து செருப்பு, டிரம்பெட், மீன், மூன்று பட்டாம்பூச்சி என்று பன்னிரண்டு பொருள்களைப் பொறுக்கினால் கடைசியில் ஒரு சுத்தியல் தருவார்கள். மற்ற பதினொன்றும் எங்கே போயிற்று? எனக்குப் பிடித்தது டிரான்: த பெயின்டட் டவர். அதே பிக் ஃபிஷ் 2009-இல் வெளியிட்டது, பட்டியலே கிடையாது, ஐரிஸ் என்ற சிறுமி வரைந்த ஓவியங்களுக்குள் நாமே நுழைந்து போக வேண்டும். முதல் ஓவியத்துக்குள் நுழைந்ததும் கையில் இருந்த காபி ஆறிப்போனது.

நிற்க. நல்ல ஆட்டம் கிடைக்கவில்லை என்பவர்கள் தேடுகிற விதமே சரியில்லை. டிரையல் இருந்தால் அதை ஆடாமல் வாங்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் கதையைப் பார்க்காதீர்கள், கதை முதல் மணி நேரத்தில் எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். எடுத்த பொருள் பக்கத்து அறையில் பயன்படுகிறதா, இல்லை எட்டு அறை தாண்டி நடக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். மேப் இருக்கிறதா, அதில் தொட்டால் அந்த இடத்துக்கு நேரே போகிறதா? பூட்டுப் புதிருக்கான குறிப்பு ஆட்டத்துக்குள்ளேயே எங்காவது இருக்கிறதா, இல்லை சும்மா சுழற்றிச் சுழற்றித் திறக்க வேண்டியதா? ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம், இந்த வகை ஆட்டங்கள் பெரும்பாலும் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் அதுவே பாதி ஆட்டம். கலெக்டர்ஸ் எடிஷன் என்று கூடுதல் விலையில் விற்பார்கள், அதில் போனஸ் அத்தியாயமும் வழிகாட்டியும் இருக்கும். சாதாரணப் பதிப்பிலேயே கதை முடிந்துவிடுகிறதா என்று விமர்சனத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். தொடங்கும்போது கேட்கிற கஷ்ட அளவில் கேஷுவலைத் தொடாதீர்கள், எங்கே தொட வேண்டுமோ அங்கெல்லாம் மின்னும், அப்புறம் நீங்கள் எதற்கு? ஆர்டிஃபெக்ஸ் முண்டி போன்ற கம்பெனிகளின் ஆட்டங்கள் ஸ்டீம் தள்ளுபடியில் மொத்தமாக மலிவாக வரும், அதுவரை பொறுங்கள். அவசரம் எதற்கு.

கறுப்புக்காப்பி

வாத்தியார் ஐயா, லாஜிக் பற்றிப் பேசினால் உங்கள் அட்வென்ச்சர் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். கேப்ரியல் நைட் 3, 1999. பைக் வாடகைக்கு எடுக்க இன்னொருவன் மாதிரி வேஷம் போட வேண்டும். அதற்கு ஒரு பூனையின் முடியைப் பிடுங்கி, பசைக்குச் சிரப் எடுத்து, மீசை ஒட்ட வேண்டும். அந்த இன்னொருவனுக்கு மீசையே கிடையாது! அதனால் அவன் பாஸ்போர்ட் படத்திலும் நாமே மீசை வரைய வேண்டும். இதை விடவா பொறுக்கின மீனும் டிரம்பெட்டும் மோசம்? அந்த கேமை வடிவமைத்த ஜேன் ஜென்சன்தான் பின்னால் அகதா கிறிஸ்டி கதைகளை வைத்து வந்த ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேம்களிலும் வேலை செய்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கதை சின்னது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் தூக்கம் வராது, அப்போது ஆடியது எனிக்மாட்டிஸ்: த கோஸ்ட்ஸ் ஆஃப் மேப்பிள் க்ரீக், நீங்கள் சொன்ன ஆர்டிஃபெக்ஸ் முண்டியேதான், போலந்துக்காரர்கள். துப்பறிகிறவளுக்கு நினைவு போயிருக்கும். கிடைக்கிற படம், துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு சுவரில் குத்தி வைத்து, எது எதோடு சேர்கிறது என்று நாம்தான் கோக்க வேண்டும். அதுவரை சும்மா பொறுக்கியதாக நினைத்த ஒரு பொருள் அந்தச் சுவரில் போய் நின்றதும், அட, இது அவனுடையது என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்து யாருடையது என்று கேட்டார். என்ன பதில் சொல்ல?

பாதிராக்குயில்

நீங்கள் எல்லாம் சிஸ்டத்தில் ஆடுகிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள். நான் போனில் மாட்டினேன். பேர் வேண்டாம். கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டது, கைது செய்ய வேண்டியது மட்டும்தான் பாக்கி, எனர்ஜி தீர்ந்துவிட்டது. காத்திருங்கள் அல்லது பணம் கட்டுங்கள். சரி, காத்திருந்தேன். எனர்ஜி வந்தது, ஆனால் கைது செய்ய ஸ்டார் போதவில்லை, அதற்கு ஏற்கெனவே ஆடிய அதே அறையை மறுபடி ஆட வேண்டும், அதே குடை அதே நாற்காலிக்குப் பின்னால். அந்தக் கொலைகாரன் இன்னும் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறான், நான் ஆட்டத்தை அழித்துவிட்டேன். ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற கேம்தான் வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

வெள்ளரிப்பிஞ்சு அக்கா, அம்மாவுக்கு ஹிட்டன் ஃபோக்ஸ் கொடுத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படம், கையால் வரைந்தது. தேட வேண்டிய ஆளோ பொருளோ கீழே படமாகவே இருக்கும். குறிப்பு மட்டும் எழுத்தில் வரும், அது இல்லாமலும் தேடலாம். கூடாரத்தைத் தொட்டால் திறக்கும், புதரைத் தொட்டால் விலகும், எல்லா ஓசையும் ஆள்கள் வாயால் போட்டது. முதலையைத் தொட்டுப் பாருங்கள், வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

பழையபொட்டி

பிரவுசருக்குள்ளேயே ஆட்டத்தை ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளின் காலத்தை யாரும் சொல்லவில்லையே. டவுன்லோடு கிடையாது, டிரையல் கிடையாது, பிரவுசரைத் திறந்தால் ஆட்டம். 2004-இல் ஜப்பானிலிருந்து கிரிம்சன் ரூம், அப்புறம் சப்மெஷின். எனக்கு நெஞ்சில் நிற்பது கியூப் எஸ்கேப்: சீசன்ஸ். 1964, வசந்தம், ஒரு அறை, நாலு சுவர், கூண்டில் ஒரு கிளி. எல்லாம் சுமுகமாக முடிந்தது. அடுத்து அதே அறை, அதே ஜன்னல், வருடம் மாறியிருக்கிறது. எதுவும் குதித்துப் பயமுறுத்தவில்லை. ஆனால் இடது பக்க அம்புக்குறியைத் தொட்டு அடுத்த சுவருக்குத் திரும்ப எனக்குக் கை வரவில்லை, விளக்கைப் போட்டுவிட்டு வந்துதான் தொட்டேன்.

2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷ் போய்விட்டது. அத்தனையும் அழிந்தது என்று நினைப்பவர்களுக்கு: ஃப்ளாஷ்பாயின்ட் என்று ஆர்வலர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள், லட்சத்துக்கும் மேல், இலவசம். கியூப் எஸ்கேப் ஒன்பதும் ஒரே தொகுப்பாக ஸ்டீமில் இருக்கிறது. சப்மெஷினும் 2023-இல் ஒரே தொகுப்பாக வந்துவிட்டது. பழைய சிடி கேம் விண்டோஸ் 11-இல் ஓடவில்லை என்றால் உடனே தூக்கி எறியாதீர்கள். ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, அங்கே பழைய விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள், 640க்கு 480 என்பதையும் டிக் செய்து பாருங்கள். ஆட்டத்தைப் புரோகிராம் ஃபைல்ஸில் போடாமல் வேறு ஃபோல்டரில் போடுங்கள், சேமித்தது காணாமல் போகிற தொல்லை பாதி அதனால்தான். அதற்கும் திரை கறுப்பாகவே நின்றால், பழைய கேம்களின் கிராஃபிக்ஸைப் புது சிஸ்டத்தில் ஓட வைக்கிற டிஜிவூடூ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். வைரஸ் நிறைந்த தளங்களில் கிராக் தேடி மட்டும் போகாதீர்கள்.

திண்ணைவாசி

வாத்தியார் ஐயா, டிரான் நேற்று டிரையல் ஆடினேன். ஒப்புக்கொள்கிறேன், அழகு. ஆனால் தேடுகிற சுகம் வேறு, அதை நீங்கள் அனுபவிக்கவே மாட்டேன் என்கிறீர்கள். டைர் க்ரோவ் ஆடியிருக்கிறீர்களா? 2009. பனியில் மாட்டிக்கொண்ட மாணவர்கள் விட்டுப்போன வீடியோ கேசட்டுகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும், நிஜ நடிகர்கள் நடித்தது. அதை முடித்துவிட்டுப் பேசுவோம்.

புளியமரம்

புதிதாக வந்திருக்கிறேன், எனக்கு ஒரு உதவி. ஸ்கூல் படிக்கும்போது கசின் வீட்டில் ஆடியது, பேர் தெரியவில்லை. பெரிய பங்களா, பேய்கள். ஒரு பொருள் முழுசாகக் கிடைக்காது, துண்டு துண்டாக வெவ்வேறு அறைகளில் இருக்கும். எல்லாத் துண்டும் சேர்ந்த பிறகு அதை எந்த அறையில் எங்கே வைப்பது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு துண்டு மட்டும் கிடைக்காமல் அன்றைக்கு அப்படியே எழுந்து ஊருக்குக் கிளம்பினோம், அந்தத் துண்டு எங்கே இருந்தது என்று இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது யோசிப்பேன்.

பழையபொட்டி

மார்டிமர் பெக்கெட் அண்ட் த சீக்ரெட்ஸ் ஆஃப் ஸ்பூக்கி மேனர். 2007. ஜெரோம் மாமா வீடு.

புளியமரம்

ஜெரோம்! அதேதான். அண்ணா, ரொம்ப நன்றி. எங்கே வாங்கலாம்?

ரிடையர்டு வாத்தியார்

வாங்குவதற்கு முன்னால் டிரையல் இருக்கிறதா என்று

ரிடையர்டு வாத்தியார்

பாதியில் போய்விட்டது. இருக்கிறதா என்று பாருங்கள்.