ககேநகாஷி: மறுகாலா, வழிவுநீரா?

மடல் 1

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் கடலோரத்தில் ஒன்சென் என்னும் ஊற்றுநீர்க் குளியல் உள்ள விடுதிகளில் தங்கப் போகிறவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. ர்யோகான் (மரபு விடுதி), யுகாட்டா (பருத்தி அங்கி), ஃபுத்தோன் (தரையில் விரிக்கும் மெத்தை) எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாம், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. இடறுவது உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில்தான். அதில் 'கென்சென் ககேநகாஷி' என்று ஒரு தொடர் வரும். விடுதி விளம்பரத்திலும் இதுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். ஊற்று நீர் இடைவிடாமல் தொட்டியில் விழுந்துகொண்டிருக்கும். விழும் அளவு நீர் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடும். போனது திரும்பி வராது.

இதற்கு எதிர்முறை 'ஜுன்கான்'. தொட்டி நீரை உறிஞ்சி, முடியையும் அழுக்கையும் வடிகட்டி, சூடேற்றி, குளோரின் கலந்து, அதே தொட்டிக்கே திருப்பி விடுவது. இரண்டுக்கும் ஒரே அச்சில் வார்த்த இரு சொற்கள் வேண்டும். 'இயற்கை ஊற்றுக் குளியல்' என்று ஏற்கெனவே ஒருவர் எழுதியிருக்கிறார். அது உதவாது, ஜுன்கான் தொட்டியில் இருப்பதும் ஊற்று நீர்தானே.

மடல் 2

ஐயா, வேறெங்கும் தேட வேண்டாம். குளம் நிறைந்து மிச்ச நீர் வெளியேறினால் நெல்லைச் சீமையில் 'குளம் மறுகால் பாயுது' என்போம். மடை, மதகு, கலிங்கு வரிசையில் வைத்துப் பார்த்தால் ககேநகாஷித் தொட்டியும் ஒரு சிறு குளம்தான். மறுகால் தொட்டி, சுழல்நீர்த் தொட்டி. முடிந்தது கதை.

மடல் 3

மறுகால் அழகான சொல். ஆனால் இந்த இடத்தில் இரண்டு இடைஞ்சல்கள்.

ஒன்று, மறுகால் தெரியாத வாசகர் 'மறு' என்பதைப் பார்த்ததும் மறுசுழற்சி, மறுபயன்பாடு என்றுதான் நினைப்பார். நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர்ப்பொருள் அவருக்குப் போய்ச் சேரும். எதிரெதிரான இரண்டு முறைகளைப் பிரித்துக் காட்ட வேண்டிய சொல்லில் இது பெரிய குறை.

இரண்டு, குளம் மறுகால் பாய்வது நல்ல மழை ஆண்டில். ககேநகாஷியில் வழிவதுதான் அன்றாட நிலை, நின்றால் கோளாறு. எவ்வளவு வழிகிறது என்பதில்தான் தொட்டியின் தரமே இருக்கிறது. 3 மீட்டருக்கு 4 மீட்டர், அரை மீட்டர் ஆழம் என்றால் 6,000 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் விழுந்தால், தொட்டி கொள்ளும் அளவு நீர் வந்து சேர 5 மணி நேரம். அப்படியும் பழைய நீர் முழுக்கப் போய்விடாது. புதியதும் பழையதும் கலந்தே வழிவதால் ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய 37 விழுக்காடு பழையதே கிடக்கும். அதனால்தான் அக்கறையுள்ள விடுதிகள் இரவில் தொட்டியை முழுக்க வடித்து, தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்புகின்றன. ககேநகாஷி என்று பலகை தொங்குவதாலேயே நீர் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கடலோரத்தில் இன்னொரு இழுபறி. ஊற்று 70, 80 டிகிரியில் வந்தால் தொட்டியில் 41, 42க்கு இறக்கியாக வேண்டும். பச்சைத் தண்ணீர் கலந்தால் உப்பும் தாதுவும் நீர்த்துப்போகும். கலக்காமல் இறக்க எளிய வழி, விழும் நீரைக் குறைப்பது. குளிர்காலத்தில் கடற்காற்றே சூட்டைத் தின்றுவிடும், குழாயைத் தாராளமாகத் திறக்கலாம். கோடையில் காற்று உதவாது, குழாயை ஒடுக்க வேண்டியிருக்கும். ஒடுக்கினால் நீர் மாறுவதும் மந்தமாகும், அதுவும் கூட்டம் மிகுந்த நாட்களில். இதைத் தவிர்க்கச் சில இடங்களில் வெப்பமாற்றி வைத்து ஊற்று நீரை முன்கூட்டியே ஆற்றுகிறார்கள். குளோரைடு துருப்பிடிக்காத எஃகையே புள்ளிபுள்ளியாக அரித்துவிடும். ஆகவே உப்பு ஊற்றுக்கு டைட்டானியம்தான் தாங்கும், செலவும் அதற்கேற்ப.

'வழிவு' என்பதை அடியாகக் கொள்ளுங்கள். வழிவுநீர்த் தொட்டி, சுழல்நீர்த் தொட்டி.

மடல் 4

வழிவுநீருக்கு என் வாக்கு. கூடவே ஒரு எச்சரிக்கை: சொல்லுக்குள் 'தூய', 'கலப்பற்ற' எதையும் செருகாதீர்கள். வெறும் ககேநகாஷி என்பது நீர் திரும்பாது என்பதை மட்டுமே சொல்கிறது. தண்ணீர் கலந்திருக்கலாம், சூடேற்றியும் இருக்கலாம். எதுவும் செய்யாததைத் தனியே குறிக்க 'நூறு விழுக்காடு' என்று முன்னே போட்டுக்கொள்கிறார்கள். தமிழிலும் அடைமொழியாகவே நிற்கட்டும்: 'கலப்பிலா வழிவுநீர்'.

அறிவிப்புப் பலகைக்கு வருவோம். சில ஊர்களில் குளியல் பொடி கலந்ததும் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி விட்டதும் 2004இல் அம்பலமாகின. 2005 முதல் நான்கு செய்திகளைக் காரணத்தோடு எழுதி ஒட்டியாக வேண்டும்: தண்ணீர் சேர்க்கப்பட்டதா, சூடேற்றப்பட்டதா, சுழற்சியும் வடிகட்டலும் உண்டா, குளியல் பொடியோ கிருமிநாசினியோ கலந்ததா. நம் சொற்கள் இந்த நான்கையும் தாங்கினால் போதும்: நீர்சேர்ப்பு, சூடேற்றம், சுழற்சி, கலவை.

ஒன்சென் என்பதற்கு 'வெந்நீரூற்று' என்று போடுவதும் முழுக்கப் பொருந்தாது. திருகோணமலை கன்னியாவுக்கு அந்தச் சொல் சரி. ஆனால் 1948ஆம் ஆண்டு ஜப்பானியச் சட்டப்படி, நிலத்திலிருந்து வெளிவரும்போது 25 டிகிரி இருந்தாலே ஒன்சென். அதற்கும் குளிர்ந்ததாக இருந்தாலும், பட்டியலிலுள்ள 19 பொருள்களில் ஒன்று குறித்த அளவுக்கு இருந்தால் அதுவும் ஒன்சென். 'ஒன்சென்' என்றே விட்டுவிடுவது நல்லது.

கடலோரத்தில் அதிகம் காணப்படும் வகைக்கு 'உப்பு ஊற்று' போதும். கிலோவுக்கு ஒரு கிராமாவது கரைபொருள் இருந்து, எதிர்மின் அயனிகளில் குளோரைடு முதன்மையானால் அது குளோரைடு ஊற்று. சோடியம் 5.5 கிராம், குளோரைடு 8.5 கிராம் எட்டிவிட்டால் 'கடும் உப்பு ஊற்று'.

மடல் 5

சுழல்நீரை மட்டமாக ஒலிக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊற்றில் நீர்வரத்து குறைவாக இருக்கும் ஊரில் அதைத் தவிர வழியில்லை. ஒழுங்காகக் குளோரின் அளந்து பார்த்தால் அது பாதுகாப்பானதும்கூட. ஆபத்து பராமரிப்பு தவறும்போதுதான். குழாயின் உட்சுவரிலும் வடிகட்டி மணலிலும் வழுவழுப்பாகப் படியும் நுண்ணுயிர்ப் படலத்தில் லெஜியோனெல்லா கிருமி ஒண்டிக்கொள்ளும். உடல் சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பு அதற்குக் கொண்டாட்டம். நீர்த்துளி வழியே நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. 2002இல் மியாசாக்கி மாநிலத்து ஹ்யூகா நகரக் குளியலகம் ஒன்றில் பரவியபோது ஏழு பேர் இறந்தார்கள்.

இன்னொன்று, எல்லா ஊற்றும் சுழற்சிக்கு ஒத்துவராது. அவோமோரியின் ஃபுரோஃபுஷி ஒன்சென்னைப் பாருங்கள். கடற்பாறையை ஒட்டிய தொட்டியில் நீர் செம்பழுப்பாக நிற்கும். இரும்பு ஊற்று நிலத்துக்கு அடியில் தெளிவாகத்தான் இருக்கும், காற்றுப் பட்டதும் துருநிறம் கொள்ளும். இப்படிப்பட்ட நீரை மணல் வடிகட்டியில் விட்டால் அடைத்துக்கொள்ளும். குளோரின் கலந்தால் இரும்பு இன்னும் வேகமாகப் படியும். அங்கே வழிவுநீர்தான் சரிப்படும்.

மடல் 6

குளிக்கும் முறைக்கான சொற்களையும் இதோடு முடித்துவிடலாமா?

தொட்டியில் இறங்குமுன் வாளியால் காலில் தொடங்கி மேல்நோக்கி வெந்நீர் ஊற்றிக்கொள்வது 'ககேயு'. 'மேலுக்கு ஊற்றிக்கொள்ளுதல்' என்று நம் வீடுகளில் சொல்வதே போதும். தலை நனையாது என்ற பொருளும் அதிலேயே அடங்கிவிடுகிறது. ஒன்சென்னிலும் தலையை நீரில் முக்கக்கூடாது, நீண்ட முடியை முடிந்துகொள்ள வேண்டும். சோப்புப் போடுவது வெளியே, முக்காலியில் உட்கார்ந்து. நீச்சலுடை கூடாது. கைத்துண்டு தொட்டி நீரில் படக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம்.

'யுவாதாரி'க்கு 'வெந்நீர்க் கிறக்கம்'. நெடுநேரம் கிடந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். கரையோர உப்பு ஊற்றில் இது சீக்கிரம் வரும். தோலில் படியும் உப்பு வியர்வையை எளிதில் ஆவியாக விடாது, உடல் சூடு உள்ளேயே தங்கும். குளிர்காலத்தில் அதுவே சுகம் என்பதால் கடைசியில் நல்ல தண்ணீரால் அலசாமல் துடைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எரிச்சல் கொள்ளும் தோலாக இருந்தால் அலசுவதே மேல். முதல் முறை ஐந்து நிமிடத்தில் ஏறிவிடலாம். இரவுச் சாப்பாட்டில் சாக்கே (அரிசி மது) குடித்துவிட்டு நேரே தொட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி தடித்த எழுத்தில் தேவை.

யுகாட்டாவின் இடப்பக்கம் மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. ஆண், பெண் குளியலறைகளை இரவுக்கும் காலைக்கும் இடையே மாற்றிவிடும் விடுதிகள் நிறைய. மாலையில் போன வாசலை நம்பி விடியலில் நுழையக்கூடாது, வாசல் திரைச்சீலையில் ஆண், பெண் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டே நுழைய வேண்டும்.

மடல் 7

மறுகாலை முழுக்கக் கைவிட மனமில்லை. நீர் தாண்டிப் போகும் அந்தத் தாழ்ந்த விளிம்புக்குப் பெயர் இல்லையே? 'மறுகால் விளிம்பு' என்று வையுங்கள். அது தொட்டியின் ஒரு பாகம், அங்கே யாரும் மறுசுழற்சியோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கையேட்டில் இப்படி எழுதலாம்: 'ஊற்றுவாயில் நீர் விழுவதை மட்டும் பார்க்காதீர்கள், மறுகால் விளிம்பைப் பாருங்கள். யாரும் இறங்காத நேரத்திலும் அங்கே நீர் தொடர்ந்து வழிந்தால் வழிவுநீராக இருக்க வாய்ப்பு அதிகம். தொட்டியின் அடியில் உறிஞ்சும் வாய் இழுத்தால் சுழல்நீர். உறுதிக்கு அறிவிப்பைப் படியுங்கள்.'

மடல் 8

விளிம்புக்கு மறுகால், எடுத்துக்கொண்டோம். தொட்டிகளுக்கு வழிவுநீர், சுழல்நீர்.

இரண்டிலும் அடங்காத ஒன்று மிச்சம். யாகுஷிமா தீவின் ஹிராஉச்சியில் கடற்பாறைக் குழிகளே தொட்டி. கடல் வற்றும் வேளைக்கு முன் இரண்டு, பின் இரண்டு மணி நேரம் போலக் குளிக்கலாம், பிறகு கடல் ஏறி மூடிவிடும். ஹாகொதாதே பக்கத்து மிஸுநாஷியும் இந்த இனம். நீரை மாற்றுவதும் கழுவுவதும் கடலின் பொறுப்பு. 'ஓதத் தொட்டி' என்று வைக்கலாமா? ஓதம் என்றால் கடல் ஏறி வற்றுவது. அது பலருக்கு ஈரச் சுவரைத்தான் நினைவூட்டும் என்றால் 'வற்றுநேரத் தொட்டி' இருக்கிறது. கையேட்டில் அந்தப் பக்கத்துக்கு ஓத நேர அட்டவணையும் சேரப்போவதால், ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.