கார்த்திகை விளக்குப் படங்களில் பச்சைப் புள்ளிகள்: 4000 ரூபாய்க்குள் எந்த ஃபில்டர் வாங்கலாம்?

குடமுருட்டி எழுதியது:

வணக்கம். பாபநாசத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். கோயில்களையும் வயல்வெளிகளையும் இரண்டு ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது டிஎஸ்எல்ஆர் கேமரா. 18-55 மி.மீ., 18-140 மி.மீ. என இரண்டு லென்ஸ்கள். கேமரா வாங்கிய அன்றே, கடைக்காரர் சொன்னபடி, இரண்டுக்கும் தலா 300 ரூபாயில் யூவி ஃபில்டர் (புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி) மாட்டினேன். அதன்பின் கழற்றவே இல்லை.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊர்ச் சிவன் கோயில் பிராகாரத்தில் வரிசையாக ஏற்றியிருந்த அகல்விளக்குகளைப் படமெடுத்தேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், கீழே இடப்பக்கம் ஒரு விளக்கு இருக்க, மேலே வலப்பக்கத்து இருட்டில் அதே வடிவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிகிறது. எத்தனை விளக்குகளோ அத்தனை புள்ளிகள். லென்ஸ் பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எடுத்தால் வானம் வெளிறிப்போகிறது. சம்பா நடவு வயலை எடுத்தால் தேங்கிய நீர் வெள்ளையாகப் பளபளத்து, நாற்றின் பச்சையையே மறைத்துவிடுகிறது. யூவி, போலரைசர் (பளபளப்பைக் குறைப்பது), என்டி (உள்ளே வரும் ஒளியைக் குறைப்பது) மூன்றும் அடங்கிய பெட்டியை லென்ஸுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளும்படி கடையில் சொல்கிறார்கள். 4000 ரூபாய்க்கு மேல் என்னால் செலவிட இயலாது. அந்தப் பெட்டியை வாங்கலாமா?

அரசலாறு எழுதியது:

லென்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தம்பி. இன்று மாலை விளக்கு வைத்ததும், ஃபில்டருடன் ஒரு படமும் கழற்றிவிட்டு ஒரு படமும், இடம் மாறாமல் எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் இரண்டாவது படத்தில் இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். முன்னும் பின்னுமாக இரண்டு முகங்கள் என்பதால் 8 விழுக்காடு வரை வீணாகிறது. வீணாவது மட்டுமல்ல. கேமராவினுள் படத்தைப் பதியும் சென்சாரில் பட்டுத் திரும்பி வரும் விளக்கொளி, தட்டையான அந்தக் கண்ணாடியில் மோதி மறுபடியும் உள்ளே போகும்போது, படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்புறத்தில் தலைகீழாக விழுகிறது. நீங்கள் சொன்ன இடமும் வடிவமும் அதற்கு அப்படியே பொருந்துகின்றன. பல அடுக்குப் பூச்சுள்ள நல்ல ஃபில்டரில் ஒரு முகத்தில் திரும்பும் ஒளி 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

உங்கள் ஃபில்டரைக் கழற்றி, டியூப் லைட்டுக்குக் கீழே சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் வெள்ளை வெளேரென்று தெரிந்தால் அதில் பூச்சு இல்லை. மங்கலாக, பச்சையோ ஊதாவோ கலந்து தெரிந்தால் பூச்சு உண்டு. பெட்டியின்மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் எனக்கு இந்தச் சோதனைதான் முதன்மையானது, ஏனெனில் பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலிகளும் விற்கப்படுகின்றன.

யூவி ஃபில்டர் ஃபிலிம் காலத்துத் தேவை. டிஜிட்டல் சென்சாரின் முன்னுள்ள கண்ணாடியே புறஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், இன்று அது லென்ஸுக்கு வெறும் காப்புக் கண்ணாடிதான். அந்தக் காப்பை, லென்ஸின் முன்விளிம்பைச் சுற்றி நீளும் ஹூடை எப்போதும் மாட்டிவைப்பதாலேயே பெருமளவு பெற்றுவிடலாம்.

வெண்ணாறு எழுதியது:

அரசலாறு ஐயா சொல்வதில் ஒரு சிறு திருத்தம். திருவிழாக்களையும் கும்பாபிஷேகங்களையும் படமெடுப்பதே என் தொழில். அபிஷேகத்தின்போது பாலும் சந்தனமும் தெறிக்கும். கற்பூரப் புகை லென்ஸின் முகத்தில் பிசுக்காகப் படியும். பூம்புகார் கடற்கரையில் பத்து நிமிடம் நின்றால் உப்புத் துளிகள் ஒட்டிக்கொள்ளும். இங்கெல்லாம் ஹூட் போதாது, காப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும் என்பது என் அனுபவம். ஆனால் விளக்கு வரிசை, தேர்ச் சோடனை விளக்குகள், சூரியன் ஆகியவை படச் சட்டத்துக்குள் வந்தால் கழற்றிவிடுவேன். தம்பி, எந்தக் கண்ணாடியையும் வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதுகுமிழால் தூசியை அகற்றி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கழற்றி எடுத்த படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. டியூப் லைட்டின் பிம்பமும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அப்படியானால் வானத்துக்கும் வயலுக்கும் என்ன செய்வது?

அரசலாறு எழுதியது:

அந்த இரண்டுக்கும் போலரைசர் தேவை. கையிலிருக்கும் பணம் முழுவதையும் நல்ல போலரைசர் ஒன்றில் போடுங்கள் என்பதே என் கருத்து. மற்ற ஃபில்டர்களின் விளைவைக் கணினியில் ஓரளவேனும் ஈடுகட்டலாம். நீரின் மேலுள்ள பளபளப்பை நீக்கி அடியிலிருப்பதைக் காட்டும் வேலையைப் படம் எடுத்த பிறகு எந்த மென்பொருளாலும் சரிவரச் செய்ய முடியாது.

வாங்கிவிட்டால் மட்டும் வானம் நீலமாகிவிடாது. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தில்தான் அது முழுமையாக வேலை செய்யும். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் சுட்டும் திசைகளெல்லாம் உங்களுக்குரியவை. பெரிய கோயில் கிழக்கு நோக்கியது. காலையில் நந்தி மண்டபத்தருகே நின்று விமானத்தைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அங்கே ஃபில்டரை எவ்வளவு திருப்பினாலும் வானம் பெரிதாக மாறாது. தெற்குப் பிராகாரத்துக்கு நடந்துபோய் வடக்கு நோக்கி எடுங்கள். ஃபில்டரின் வளையத்தைத் திருப்பத் திருப்ப நீலம் ஆழ்ந்து, விமானத்தின் கற்கள் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்பதைக் காண்பீர்கள். ஆனால் 18 மி.மீ.யில் வேண்டாம், அவ்வளவு அகலத்தில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும். மூடாக்கு நாளில் வானத்தைப் பொறுத்தவரை பயனே இல்லை.

வயலுக்கு வேறு கணக்கு. நீர்ப்பரப்பிலிருந்து ஏறக்குறைய 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது பளபளப்பு முற்றிலும் விலகும். வரப்பில் நின்று, நான்கைந்து தப்படி தள்ளியிருக்கும் நாற்றைக் குனியாமல் நோக்கினால் கோணம் தாழ்ந்துவிடும். இரண்டு தப்படிக்குள் இருப்பதை நோக்கினால் சரியாக வரும். சேற்றில் பதிந்த விரல் தடம்கூடத் தெரியும். தஞ்சாவூர் ஓவியத்தின் சட்டக் கண்ணாடியிலுள்ள பிரதிபலிப்பையும் பக்கவாட்டிலிருந்து இவ்வாறே நீக்கலாம். உலோகத்தின் மினுமினுப்பை நீக்காது என்பதால், சுவாமிமலை வெண்கலச் சிலைகளிடம் இதை எதிர்பார்க்க வேண்டாம். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) இது விழுங்கிவிடும். அந்தி சாய்ந்ததும் கழற்றிவிடுங்கள்.

வெண்ணாறு எழுதியது:

இரண்டு லென்ஸுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. லென்ஸின் முன்விளிம்பில் வட்டத்தில் கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் மரை அளவு, அதாவது ஃபில்டரைத் திருகி மாட்டும் இடத்தின் விட்டம். 18-55 என்று எழுதியிருப்பது குவியத் தூரம். அதை மரை அளவென்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. உங்களுடையவை எவ்வளவு?

குடமுருட்டி எழுதியது:

சிறியதில் 55, பெரியதில் 67 என்று இருக்கின்றன, அண்ணா.

வெண்ணாறு எழுதியது:

அப்படியானால் 67 அளவில் ஒரே போலரைசரும், 55-லிருந்து 67-க்கு ஏற்றும் ஸ்டெப்-அப் வளையமும் போதும். வளையம் வெறும் உலோகம்தான், விலையும் குறைவு. அதை மாட்டினால் சிறிய லென்ஸின் ஹூட் பொருந்தாது என்பது ஒன்றே குறை.

ஹோயா, மருமி, கென்கோ, பி+டபிள்யூ, நிசி, கே அண்டு எஃப் எனப் பெயர்கள் பல. பெயரைவிடப் பூச்சைப் பாருங்கள், ஏனெனில் ஒரே நிறுவனம் பல தரங்களில் விற்கிறது. ஹோயாவில் எச்எம்சி என்றும் பி+டபிள்யூவில் எம்ஆர்சி என்றும் இருந்தால் பல அடுக்குப் பூச்சைக் குறிக்கும். பித்தளைச் சட்டமுள்ள ஃபில்டர் மரையில் எளிதில் இறுகிச் சிக்காது, அலுமினியம் சிக்கிக்கொள்ளும். உங்கள் பணத்தில் அலுமினியமே கிடைக்கும், பாதகமில்லை.

கடையிலேயே இரண்டு சோதனைகள் செய்யுங்கள். மரைப் பக்கம் உங்கள் கண்ணை நோக்கியிருக்க, பில் போடும் கணினியின் எல்சிடி திரையை ஃபில்டர் வழியாகப் பார்த்துக்கொண்டே மெல்லச் சுழற்றினால் ஒரு நிலையில் திரை இருண்டுபோக வேண்டும். அடுத்து, மரைப் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியை நோக்கியிருக்கும்படி பிடித்து, ஃபில்டர் வழியாகவே கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பாருங்கள். அது கறுப்பாகத் தெரிந்தால் வட்ட வகைப் போலரைசர். எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுக்காவிட்டால் நேர்கோட்டு வகை. டிஎஸ்எல்ஆரில் அது ஃபோகஸையும் ஒளி அளவையும் குழப்பும்.

என்டி இப்போது வேண்டாம். மேட்டூர் திறந்து கல்லணை மதகுகளில் தண்ணீர் பாயும்போது அதைப் பட்டுப்போல எடுக்க ஆசை வந்தால், அன்று ட்ரைபாடுடன் சேர்த்து ஆறு ஸ்டாப் குறைக்கும் என்டி64 வாங்குங்கள். நொடியில் 60-இல் ஒரு பங்கு இருந்த ஷட்டர் நேரம் ஒரு நொடியாகும்.

குடமுருட்டி எழுதியது:

திருச்சிக்குப் போய் 67 அளவில் பூச்சுள்ள போலரைசரையும் வளையத்தையும் 3400 ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் காட்டியது கண்ணாடிச் சோதனையில் கறுக்கவில்லை; இரண்டாவது கறுத்தது. இன்று காலை வரப்பில் நின்று போலரைசரைத் திருப்பினேன். நீர்மேல் இருந்த வெள்ளை விலகி, நாற்றின் அடித்தண்டும் அதைச் சுற்றிய சேறும் தெரிந்தன. இரண்டு ஆண்டுகளாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

ஒரே ஒரு சிக்கல்: ஸ்டெப்-அப் வளையம் சிறிய லென்ஸில் இறுகிக்கொண்டு கழல மறுக்கிறது.

வெண்ணாறு எழுதியது:

அழுத்திப் பிடிக்காதீர்கள், தம்பி. அழுத்தினால் வட்டம் நெளிந்து இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பேண்டை வளையத்தின் விளிம்பில் சுற்றி, விரல் நுனிகளால் சுற்றிலும் சமமாகப் பற்றி, இடப்புறமாகத் திருப்புங்கள். வந்துவிடும்.

குடமுருட்டி எழுதியது:

வந்துவிட்டது, அண்ணா.