புதுப்பிப்பு: தாடை நீர்க்கட்டியில் இருந்த இளஞ்சிவப்பு வளையங்கள்

கீழ்த்தாடை நீர்க்கட்டியின் சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் இளஞ்சிவப்பு வளையங்கள் தெரிகின்றன, ஒட்டுண்ணி முட்டையா அமிலாய்டா (திசுவில் படியும் ஒருவகைப் புரதம்) என்று முன்பு கேட்டிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது: பருப்பு. பல்ஸ் கிரானுலோமா, அதாவது திசுவுக்குள் சிக்கிய பருப்புத் துணுக்கைச் சுற்றி உடல் உண்டாக்கும் அழற்சி. இன்னும் ஆழமாக வெட்டிப் பார்த்ததில் ஒரு வளையத்துக்குள் தேன்கூடு மாதிரி தாவரச் செல்கள், உள்ளே ஸ்டார்ச் மணிகள், சுற்றிலும், அந்நியப் பொருளைச் சூழ உடல் உண்டாக்கும் பல உட்கரு கொண்ட ராட்சதச் செல்கள். அமிலாய்டைக் காட்டும் காங்கோ ரெட் சாயம் ஏறவில்லை, ஸ்டார்ச் போன்ற மாவுப்பொருள்களைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயம் நன்றாகவே ஏறியது. போலரைஸ்டு (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியில் செல்லுலோஸ் சுவர் மின்னியது. ஸ்டார்ச்சில் மட்டும், அந்த ஒளியில் வேகாத மணிகள் காட்டும் சிலுவை வடிவம் இல்லை, வெந்த ஸ்டார்ச் அந்தக் குணத்தை இழந்துவிடும். பளிச்சென்று சிலுவை தெரிந்திருந்தால் ஸ்டார்ச்சால் ஆன கையுறைப் பவுடரைத்தான் முதலில் சந்தேகித்திருப்பேன். அப்புறம், ஸ்லைடில் விழுந்த அழுக்கு என்றவர்களுக்கு: சரி, அழுக்கைச் சுற்றி ராட்சதச் செல்கள் எப்படி வரும்? பருப்பு சொத்தைப் பல்லின் வேர் வழியாக இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.