மறு: ரீமாஸ்டர், ரீமிக்ஸ் இரண்டுக்கும் ‘ஒலிப் புத்தாக்கம்’ போதுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> இரண்டுமே பழைய பாட்டைப் புதுசாக்குவதுதானே? ‘ஒலிப் புத்தாக்கம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.

முடிக்க முடியாது ஐயா. அறுபதுகளின் பாப், ராக் இசைத்தட்டுகளை இப்போது எப்படித் திரும்ப வெளியிடுகிறார்கள் என்று ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் இந்த இரண்டு சொல்லும் ஒரே பத்தியில், ஒன்றுக்கொன்று எதிராக வருகின்றன. பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் ஆல்பங்கள் 2009 செப்டம்பர் 9 அன்று ரீமாஸ்டர் ஆகி வந்தன. அவற்றில் ஒன்றான ‘ரிவால்வர்’ 2022 அக்டோபரில் ரீமிக்ஸ் ஆகி வந்தது. இரண்டுக்கும் ‘புத்தாக்கம்’ என்று போட்டால், புதுசாக்கியதையே எதற்கு இன்னொரு தடவை புதுசாக்கினார்கள் என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி.

வேலையே வேறு. குரல் ஒரு தடம், கிடார் ஒரு தடம் என்று பதிவான நாடா ஒன்று இருக்கும். அந்தத் தடங்களைச் சேர்த்து, எது முன்னால் நிற்க வேண்டும், எது இடது பக்கம், எது வலது பக்கம் என்று முடிவு செய்து எடுத்த இறுதி நாடா இன்னொன்று. ரீமாஸ்டர் செய்பவர் கை வைப்பது இறுதி நாடாவில் மட்டும். இரைச்சலைக் குறைப்பார், கீச்சொலியையும் அடியொலியையும் சமன் செய்வார். பாடகரின் குரலை மட்டும் தனியாகக் கூட்ட அவரால் முடியாது. ரீமிக்ஸ் செய்பவர் முதல் நாடாவுக்கே திரும்பிப் போகிறவர்.

ரீமாஸ்டருக்கு என் பரிந்துரை ‘துலக்கம்’. பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அதேதான். அண்டாவின் வடிவம் மாறாது, ஏறிய களிம்பு மட்டும் போகும். 2009 பதிப்புகளுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன என்பதைப் படித்தபோது இந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது. இன்னொரு வசதியும் உண்டு. அழுத்தித் தேய்த்தால் பாத்திரத்தில் வெட்டிய பெயரே அழிந்துபோகும் அல்லவா? தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பல ரீமாஸ்டர்களில் அதுதான் நடந்தது. சத்தம் கூடுதலாகக் கேட்கட்டும் என்று மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இருந்த வித்தியாசத்தையே தேய்த்துவிட்டார்கள். ‘மெருகு’ என்ற சொல்லை ஒருவர் முன்பு சொல்லியிருந்தார். மெருகில் ஏதோ மேலே பூசுவது போன்ற வாடை இருப்பதால் வேண்டாம்.

ரீமிக்ஸுக்கு ‘மறுகலவை’. சினிமா டைட்டிலில் ‘ஒலிக்கலவை’ என்று நெடுநாளாகப் போட்டுவருகிறார்கள், கண்ணுக்குப் பழகிய சொல்.

> எல்லாருக்கும் தெரிந்த ‘ரீமிக்ஸ்’ இருக்க எதற்குப் புதுச்சொல்?

எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் சிக்கலே. நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால் பழைய சினிமாப் பாட்டைப் புதுக்குரலில் பாடவைத்து, பின்னால் தடதடவென்று தாளம் போட்டு ஆடவிடுவது. இங்கே அப்படி இல்லை. குரல் அதே பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன், அதே 1966ஆம் ஆண்டு மூச்சு. ஒரு வரிகூடப் புதிதாகப் பாடப்படவில்லை. ‘ரிவால்வர் ரீமிக்ஸ்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் டிஸ்கோ விளக்கைத்தான் கற்பனை செய்துகொள்வார்.

பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தின் கதையைச் சொன்னால் இன்னும் விளங்கும். 1967இல் இங்கிலாந்தில் பெரும்பாலோர் வீட்டில் எல்லா ஒலியும் ஒரே வழியாக வரும் மோனோ பெட்டிதான். ஆகவே மோனோ கலவைக்கு நால்வரும் கூடவே உட்கார்ந்தார்கள். ஒலியை இடது, வலது என்று இரண்டாகத் தரும் ஸ்டீரியோவை ஸ்டூடியோக்காரர்களிடம் விட்டுவிட்டார்கள். ‘ஷி இஸ் லீவிங் ஹோம்’ பாட்டு மோனோவில் ஒரு வேகம், ஸ்டீரியோவில் அதைவிட மந்தம். சுருதியே வேறு! உலகம் பின்னாளில் கேட்டுப் பழகியதோ ஸ்டீரியோ. 2017இல் பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாகக் கலந்தபோது மோனோவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார், அந்தப் பாட்டும் பழைய வேகத்துக்குத் திரும்பியது. எவ்வளவு துலக்கினாலும் இது கிடைக்காது.

—

அக்கா,

‘துலக்கம்’ அருமை. இரு கைகளாலும் வழிமொழிகிறேன். மறுகலவையில்தான் கொஞ்சம் இடிக்கிறது. கலவை என்றால் எனக்குக் கொத்தனார் ஞாபகம் வருகிறது. போகட்டும். ஆனால் ‘மறு’ எல்லா இடத்திலும் பொருந்துமா? பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பம் 1966இல் மோனோவில் கலக்கப்பட்டது. அதைத் தயாரித்த பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறையக் கேட்காமல் இருந்தது. அசலான ஸ்டீரியோ கலவை முதன்முதலாக வெளிவந்தது 1997இல். ஸ்டீரியோவில் அதுதான் முதல் கலவை, அதை எப்படி ‘மறு’ என்பது?

அப்புறம், கலந்துபோன ஒலிகளைத் திரும்பப் பிரித்தெடுக்கும் டிமிக்ஸ் என்ற ஒன்றை விட்டுவிட்டீர்கள். என் பரிந்துரை: ‘அன்னப்பிரிப்பு’. பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை நம்மிடம் இருக்க வேறு உவமை எதற்கு?

—

தம்பி,

பெட் சவுண்ட்ஸ் பற்றிச் சொன்னது சரி. அதற்குப் ‘புதுக்கலவை’ என்று எழுதுகிறேன். பொதுச்சொல்லாக மறுகலவையே இருக்கட்டும்.

அன்னத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், ஒரு நாள் முழுக்க அதிலேயே மயங்கியும் கிடந்தேன். ஆனால் அன்னம் பாலைக் குடித்துவிட்டு நீரைக் கைவிடும். இங்கே எதையும் கைவிட முடியாது. ‘ரிவால்வர்’ பதிவானது நான்கு தடங்களில். அதன் முதல் பாட்டான ‘டாக்ஸ்மேன்’ நாடாவில் டிரம்ஸ், பேஸ், கிடார் மூன்றும் ஒரே தடத்துக்குள் அடைந்து கிடக்கின்றன. அதனால்தான் அந்த ஆல்பத்தை அவ்வளவு காலம் மறுகலவைக்கு எடுக்கத் தயங்கினார்கள். பீட்டில்ஸ் பற்றிய ‘கெட் பேக்’ ஆவணத்தொடருக்காகத் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் வந்த பிறகுதான் வழி திறந்தது. டிரம்ஸ் எப்படி ஒலிக்கும், கிடார் எப்படி ஒலிக்கும் என்று கணினிக்குப் பழக்கி, ஒரே தடத்திலிருந்து மூன்றையும் தனித்தனியாக எடுத்தார்கள். மூன்றும் வேண்டும், மீண்டும் கலப்பதற்கு.

‘தடப்பிரிப்பு’ என்று முதலில் எழுதியிருந்தேன். அதுவும் தப்பு. தடங்கள் ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கின்றன, பிரிக்க வேண்டியது ஒரு தடத்துக்குள் இருப்பதை. ஆகவே ‘ஒலிப்பிரிப்பு’. அழகு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

துலக்கம், மறுகலவை, ஒலிப்பிரிப்பு மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், கட்டுரை அன்றைக்குப் போக வேண்டும். இறுதி நாடாவைக் குறிக்கும் ‘மாஸ்டர் டேப்’ என்ற சொல்லுக்கு நேரான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ‘தாய்நாடா’ என்று போடலாம் என்றால், மேலே சொன்ன தடங்கள் கொண்ட நாடாதானே உண்மையான தாய் என்று வீட்டிலேயே ஒருவர் கேட்கிறார்.