கெட்ட சேதி சொல்லக் கத்துக்கிட்டது எப்படி? உங்க அனுபவத்தையும் போடுங்க

வெண்ணாத்தங்கரை:
நான் 2019 பேட்ச், எம்பிபிஎஸ் பாடத்துல ஏட்காம் (டாக்டரோட நடத்தை, நெறி, பேஷண்ட்கிட்ட பேசுற விதம்) புதுசா சேத்த வருஷம். கெட்ட சேதி சொல்ல ஸ்பைக்ஸ்னு ஆறு படி சொல்லிக் குடுத்தாங்க, உக்கார எடம் பாரு, அவருக்கு என்ன தெரியும்னு கேளு, எவ்ளோ தெரிஞ்சுக்க ஆசைன்னு கேளு, அப்புறம் விஷயத்த சொல்லு, அழுதா அழ விடு, கடைசியா அடுத்து என்னன்னு பேசு. கிளாஸ்ல ஃப்ரெண்டே பேஷண்ட்டா நடிச்சான், சிரிச்சு சிரிச்சே பாஸ் பண்ணிட்டோம்.

ஹவுஸ் சர்ஜனா மெடிசின் வார்டுல இருக்கப்ப திருத்துறைப்பூண்டி பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர், மஞ்சப்பைல ஸ்கேன் ரிப்போர்ட். மகன் என்ன வராண்டாவுல மறிச்சு "சார், அப்பாட்ட அல்சர்னு சொல்லிடுங்க, கால்ல வேணாலும் விழறேன்"ங்கிறாரு. இது எந்தப் படியில வருது? முழிச்சுட்டு நின்னேன்.

மறுநா காலைல எங்க மேடம் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து "ஐயா, வயித்துல என்னன்னு நெனக்கிறீங்க?"ன்னாங்க. அவரு "அவன் மூஞ்சியப் பாத்தா தெரியலயா, புத்துதானே. தை மாசம் அறுப்பு இருக்கு டாக்டரம்மா, இருந்து பாப்பனா, அத மட்டும் சொல்லுங்க"ன்னாரு. மகன் அப்படியே செவுத்துப் பக்கம் திரும்பிட்டாரு. மேடம் ஒண்ணும் பேசல. ட்ரிப்ஸ் சொட்டுறத எண்ணிட்டே நின்னேன், இருபதாவது தாண்டியிருக்கும், நானா இருந்தா அதுக்குள்ள நாலு பொய் சொல்லியிருப்பேன். அப்புறம்தான் அவர் கைய புடிச்சு "பாக்கலாம்னுதான் நெனக்கிறேன் ஐயா, அடுத்த சம்பாவுக்கு என்னால வாக்கு குடுக்க முடியல"ன்னாங்க.

மன்னை பொண்ணு:
நான் டாக்டர் இல்ல, அந்தப் பக்கம் நின்னவ. ஒரு ஆஸ்பத்திரில (பேரு வேணாம்) லிஃப்ட் வாசல்ல செல்ஃபோன பாத்துக்கிட்டே ஒரு சின்ன டாக்டர் "மெட்டாஸ்டாஸிஸ்மா, இனிமே பாலியேட்டிவ்தான்"னுட்டு லிஃப்ட்ல ஏறிட்டாரு. நான் ஏதோ மாத்திரைன்னு நெனச்சு கீழ மெடிக்கல்ல போயி கேட்டேன். கடைக்காரப் பையன் என்னயப் பாத்த பார்வை இன்னும் மறக்கல. நாலு நாள் கழிச்சு கும்மோணத்துல இருக்க நர்ஸ் அக்காதான் "புத்து பரவிடுச்சுடி, இனிமே வலி தெரியாம பாத்துக்கறதுதான் வைத்தியம்"னு சொன்னா.

பழைய வாத்தி:
மன்னை பொண்ணு எழுதுனத நாளைக்கு கிளாஸ்ல அப்படியே படிச்சுக் காட்டப் போறேன். ஸ்பைக்ஸ் 2000ல அமெரிக்கா, கனடா டாக்டருங்க கேன்சர் பேஷண்ட்டுக்குன்னு எழுதுனது, நல்லதுதான், ஆனா மகன் வராண்டாவுல மறிப்பான்னு அதுல இல்ல. அதனால பசங்கள நடிக்க விடறத நிறுத்திட்டேன். எங்க வார்டு ஆயாம்மாதான் இப்ப பேஷண்ட். போன வாரம் ஒருத்தன் ஆறு படியும் கரெக்டா முடிச்சான், அந்தம்மா நிதானமா "சரி தம்பி, நான் இன்னைக்கு மீன் கொழம்பு சாப்புடலாமா?"ன்னாங்க. பய ஆஃப் ஆயிட்டான்.