நண்பகல் நேரத்து மயக்கம்: தியேட்டரில் உங்கள் பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார்? (பெங்களூர்த் தமிழர் சிலர் எழுதியவை)

ராமமூர்த்தி நகர்

மம்மூட்டி நடித்த இந்த மலையாளப் படம் நல்லதா கெட்டதா என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். பக்கத்து இருக்கையைப் பற்றி யாரும் எழுதவில்லை. கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை: வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும் மலையாளி ஜேம்ஸ் (மம்மூட்டி), வழியில் ஒரு தமிழ்க் கிராமத்தில் இறங்கி, அங்கே காணாமல் போன சுந்தரமாகவே நடந்துகொள்கிறார். மிச்சம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2023 ஜனவரி, படம் வெளியான வார இறுதி, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு மல்டிபிளெக்ஸ். முக்கால்வாசி மலையாளிகள், மிச்சம் எங்களைப் போன்ற பெங்களூர்த் தமிழர்கள். ஜேம்ஸ் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டு வழியே ஊருக்குள் போய், கொடியில் காய்ந்த லுங்கியை எடுத்துக் கட்டிக்கொள்கிறாரே, அங்கே அரங்கம் மொத்தமும் சிரித்தது. பிறகு கண் தெரியாத அந்தக் கிழவி, வந்தவன் தன் மகன்தான் என்பதுபோல் சாதாரணமாக இருக்கிறாள். அங்கே பாதிப் பேர் சட்டென்று அடங்கிவிட்டார்கள். மீதிப் பேர் அடங்கவில்லை.

என் இடப்பக்கம் ஒரு வயதான தம்பதி. பெரியவர் முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். 'இது என் ஊர், என் மண்' என்று மம்மூட்டி ஊர்க்காரர்கள் நடுவில் நின்று கதறும்போது கடைசி வரிசையில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். பெரியவர் எழுந்தார். திரும்பி அந்தப் பையன்களைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கி வெளியே போய்விட்டார். அந்த அம்மா எழவே இல்லை, கடைசிவரை இருந்து பார்த்தார். விளக்குப் போட்டதும் கணவரின் சால்வையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனது அந்தச் சிரிப்பு பொறுக்காமலா, படம் பொறுக்காமலா? நான் கேட்கவில்லை. இன்றுவரை மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கே.ஜி.எஃப். மகள்

எழுந்து போனவரைப் பற்றிச் சொன்னீர்கள். எழுந்து போகாதவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் தெருவே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கியது. இப்போது அவர் கே.ஆர்.புரத்தில் எங்களோடு இருக்கிறார். நெட்ஃபிளிக்ஸில் போட்டோம். என் கணவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி விளக்கம் சொன்னார். ஆவி புகுந்துவிட்டது என்றார். பிறகு, ஜேம்ஸ் நாடகக் குழு நடத்துபவர் இல்லையா, நடிக்கிறார் என்றார். பிறகு எல்லாமே பகல் கனவு என்றார். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, நிறுத்தாதீர்கள். ஆளைப் பார்க்க விடுங்கள்" என்றார்.

சவரக் கடையில் மம்மூட்டி கண்ணாடியைப் பார்த்து, அதில் தெரியும் முகம் தன்னுடையது இல்லை என்று திகைக்கும் இடம். அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். முடிந்தபின், சுரங்கத் தொழிலாளர்களின் எங்கள் லைன் வீடுகளில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். சுரங்கம் மூடி வெகு நாள் ஆனபிறகும் அவர் ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து, டிபன் கேரியருடன் சுரங்கத்தின் கேட் வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவாராம். யாரும் அவரைத் தடுத்ததில்லையாம். "அவருக்குக் கேட் மூடியது தெரியாது என்றா நினைக்கிறாய்?" என்று என்னிடம் கேட்டார்.

என் கணவர் இன்னமும், முடிச்சை அவிழ்க்காமல் விட்ட படம் என்கிறார். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

சிவாஜிநகர்

மேலே இரண்டு பேரும் உருக்கத்தைச் சாட்சிக்குக் கொண்டுவருகிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் உருகினார் என்பதால் படம் தேறிவிடாது. சிரித்தவர்களுக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிடுவதும் நியாயம் இல்லை. லுங்கி இடம் சிரிக்கவே எடுக்கப்பட்டிருக்கிறது.

என் குறை வேறு. சுந்தரம் காணாமல் போய் இரண்டு வருடம். ஏன் அன்று வந்தான், ஏன் ஜேம்ஸ் உடம்பில் வந்தான், ஏன் மறுநாள் மதியத் தூக்கத்தோடு போய்விட்டான்? இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரிக்கோ எழுதிய எஸ்.ஹரீஷுக்கோ பதில் சொல்ல மனமில்லை. சரி, விட்டுவிடுகிறேன். சுந்தரத்தின் மனைவி பூங்குழலியை விட முடியவில்லை. முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து அதிகாரம் செய்கிறான். அவள் கதவோரம் நிற்கிறாள். ரம்யா பாண்டியன் கண்ணாலேயே நடித்திருக்கிறார், அது வேறு விஷயம். எங்கள் காட்சியில் எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெண் எல்லோர் காதிலும் விழும்படி, "அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்றார். சிலர் உஷ் என்று அடக்கினார்கள். மம்மூட்டிக்காக உருகியவர்கள்தான் அடக்கியவர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் படத்தோடு ஒட்ட முடியவில்லை.

பனசங்கரி, திரைப்படச் சங்க உறுப்பினர்

சுருக்கமாக என் அனுபவம். நான் 1971இல் தொடங்கிய சுசித்ரா திரைப்படச் சங்கக் காலத்து ஆள். மெதுவாக நகரும் ஐரோப்பியப் படங்களை வாழ்நாள் முழுவதும் கொண்டாடிய நண்பர் ஒருவர் இந்தப் படம் முடிந்து வெளியே வந்ததும், "என்னதான் சொல்ல வருகிறார்கள்?" என்று எரிந்து விழுந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இத்தாலியச் சிற்றூரின் மௌனம் அவருக்குப் புரியும், பழனிப் பக்கத்து மதிய வெயில் புரியாதாம்.

சிவாஜிநகர் நண்பருக்கு: படம் கணக்குத் தீர்க்கவில்லை என்று கோபிப்பது புதிதல்ல. 1960இல் கான் திரைப்பட விழாவில் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லவென்ச்சுரா' திரையிட்டபோது கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். காணாமல் போன பெண் என்ன ஆனாள் என்பதை அந்தப் படம் சொல்லவே இல்லை. மறுநாள் இயக்குநர் ரோஸலினி உள்ளிட்டோர் படத்தை ஆதரித்துக் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். அதே விழாவில் ஜூரி பரிசும் கிடைத்தது. 1968இல் இயக்குநர் குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்ற விண்வெளிப் படத்துக்கும் முதல் காட்சிகளில் பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. அவரே பிறகு சுமார் 19 நிமிடங்களை வெட்டினார். நம் படத்தின் கதையும் அப்படித்தான். திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் இடம் கிடைக்காமல் ரகளை, பார்வையாளர் விருது, பிறகு கேரள அரசின் சிறந்த பட விருது, மம்மூட்டிக்குச் சிறந்த நடிகர் விருது. இதெல்லாம் இருந்தும் தியேட்டரில் கொட்டாவி விட்டவர்கள் இருந்தார்கள். இரண்டும் உண்மை.

இனிப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். மதியம் சாப்பிட்டவுடன் பாருங்கள், இரவில் வேண்டாம். தேனி ஈஸ்வரின் கேமரா அநேகமாக எங்கும் அசைவதில்லை, ஆகவே நடுவில் நிற்பவரை விட்டுவிட்டுச் சட்டகத்தின் ஓரங்களைக் கவனியுங்கள். திண்ணையில் தூங்குபவர், வாசலில் கடந்து போகிறவர் எல்லாம் அங்கேதான். தனியாகப் பின்னணி இசை கிடையாது. வீட்டு டிவியிலும் கடை ரேடியோவிலும் ஓடுகிற பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும்தான் இசை. பல இடங்களில் அந்த வசனம் எதிரே நடப்பதற்குப் பதில் சொல்லும், காது கொடுங்கள். வேளாங்கண்ணி லாட்ஜில் 'உறங்குவது போலும் சாக்காடு' என்ற குறளுக்கு ஜேம்ஸ் பொருள் கேட்கிறார். ஆரம்பத்திலேயே வந்துவிடுவதால் பலர் பாப்கார்ன் வாங்கப் போயிருப்பார்கள். அந்தக் குறளைச் சாவியாக வைத்து எல்லாப் பூட்டையும் திறக்கவும் முயலாதீர்கள். இரண்டாம் முறை சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள். தமிழர்களாகிய நமக்கு அதில் பாதி தேவையே இல்லை.

பானஸ்வாடி, மலையாளி வீட்டு மருமகள்

ஐயா, எந்த நேரத்தில் பார்ப்பது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நேரமும் சட்டகமும் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லையா? உங்கள் நண்பரே கோபப்பட்டாரே!

நான் மாமனார், மாமியார், நாத்தனாருடன் போனேன். வழியில் சாப்பிட நிறுத்திய கடையில் ஜேம்ஸ் தமிழ்ச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார் இல்லையா, எங்கள் வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. நாத்தனார் என் பக்கம் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் சாம்பாரைப் பற்றிக் கேட்ட பேச்சு அப்படியே திரையில் வருகிறது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்புறம் அதே மனிதர் கொஞ்சமும் பிசகாத தமிழில் பேசத் தொடங்கினார். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார். இடைவேளை வரை விடவில்லை.

வீடு திரும்பும்போது காரில் பெரிய வாக்குவாதம். மாமனாருக்கு, தெரியாத ஊரில் ராத்திரி மாட்டிக்கொண்ட அந்தப் பஸ் கூட்டத்தின் பயம் மட்டும்தான் மனத்தில் நின்றது. எனக்கு அவர்கள் பயம் எட்டவே இல்லை. நான் முழுப் படத்தையும் பூங்குழலியின் முற்றத்தில் இருந்து பார்த்தேன், அவர் பஸ்ஸில் இருந்து பார்த்தார். புரிந்தது, புரியவில்லை என்ற சண்டை எனக்கு அப்படித்தான் படுகிறது. பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு எப்போது கிளம்புவோம் என்ற கேள்விதான் பெரிது, கிளம்பியதும் படம் ஏன் நடந்தது என்றே கேட்பார்கள். முற்றத்தில் இருந்தவர்களுக்கு அவர்கள் கிளம்பிய பிறகுதான் கஷ்டமே.

சிவாஜிநகர் சார், பூங்குழலியைச் சொன்னீர்கள், சரி. சாலியை மறந்துவிட்டீர்களே? தன் கணவன் இன்னொருத்தி வீட்டில் புருஷன் என்று உரிமை பேசுகிறான், அவள் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறாள். என் மாமியார் அழுதது மம்மூட்டிக்காக அல்ல, சாலிக்காக. காரில் அவரே சொன்னார்.

சிவாஜிநகர்

சாலியைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதிது அம்மா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலிக்குக் கணவன் திரும்பக் கிடைத்துவிட்டான், பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பூங்குழலிக்கும் அவள் மகளுக்கும் என்ன கிடைத்தது? இரண்டு வருடமாக ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறிவிட்டுப் போனதுதான். அதைப் படம் அழகாகக் காட்டியது என்பதற்காக நான் மன்னிக்க மாட்டேன்.

என் மனைவி இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போடச் சொல்லியிருக்கிறாள். அவள் எங்கே உட்கார்ந்து பார்த்தாள் என்று கேட்டு எழுதுகிறேன்.