சுவரோவியத்தால கண்ணகி நகரோட கெட்ட பேரு மாறிச்சா?

அடையாறுவாசி:
நேத்து ஒருத்தர் "கலையால எதுவும் மாறாது, எல்லாம் பெயிண்ட் கம்பெனி விளம்பரம்"னு எழுதியிருந்தாரு, படிச்சதும் எரிச்சலாயிடுச்சு. 2020ல ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன்னு ஒரு சுவரோவிய அமைப்பு வந்து சென்னை கண்ணகி நகர் பில்டிங் சுவர்ல எல்லாம் வரைஞ்சாங்க. முன்னாடி அந்தப் பேரைக் கேட்டாலே முகம் சுளிச்சவங்க இப்ப கேமராவோட போறாங்க. ஏரியாவோட கெட்ட பேரே மாறிடுச்சு.

துரைப்பாக்கம்_குமார்:
எழுதினது நான்தான். யாருக்குப் பேரு மாறிச்சு? கூவம் கரையில இருந்த ஜனங்களை வேலை, ஸ்கூல் எல்லாத்துலேர்ந்தும் பிச்சு எடுத்து, 2000லேர்ந்து கொண்டாந்து போட்ட இடம் இது. என் தங்கச்சி ஐடி கம்பெனிங்க இருக்கிற ஓஎம்ஆர் ரோட்டுல ஒரு இன்டர்வியூவுக்குப் போனா, நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க, பயோடேட்டாவுல அட்ரஸைப் பார்த்ததும் அந்த மேடம் பேனாவை மூடி வெச்சுட்டாங்க. சுவத்துல சிரிக்கிற பசங்க படம் இருந்து என்ன பிரயோஜனம்?

அடையாறுவாசி:
ஒரு கம்பெனி பண்ணதுக்கு ஓவியர் பொறுப்பா? அங்க இருக்கிற ஜனங்க முகத்தையே அவ்ளோ பெருசா வரைஞ்சிருக்காங்களே, அது மரியாதை இல்லையா?

துரைப்பாக்கம்_குமார்:
மரியாதைன்னா வேலை குடுங்க. பேரு மாறிடுச்சுன்னீங்கல்ல, அந்த அட்ரஸுக்குப் பதில் சொல்லுங்க முதல்ல.

மயிலை_ரசிகன்:
2015ல பெசன்ட் நகர் பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பத்துல கர்நாடகப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் மீனவ ஜனங்களும் சேர்ந்து விழா நடத்தினாங்களே, கச்சேரி கேக்க பெசன்ட் நகர்க்காரங்க குப்பத்துக்குள்ள வந்து உக்காந்தாங்க. அதுவும் வேஸ்டா?

வியாசர்பாடி_மச்சி:
அவங்க வந்து உக்காந்தது பெரிய சாதனையா? 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறினப்ப நான் கூட்டத்துல நின்னேன், எங்க ஏரியா சாவு வீட்டுல பாடுற கானாவை அங்க ஜாதிக்கு எதிரா மைக் புடிச்சுப் பாடினப்ப உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. நம்மாளு பாடணும், அதான் மேட்டர்.

மயிலை_ரசிகன்:
கானாவையும் கர்நாடகத்தையும் ஒரே தட்டுல வைக்காதீங்க, கர்நாடகத்துக்கு வருஷக்கணக்கா சாதகம் பண்ணணும்.

வியாசர்பாடி_மச்சி:
வந்துட்டாருய்யா! கானா பாடுறவன் என்ன தூங்கி எந்திரிச்சு பாடுறானா?

துரைப்பாக்கம்_குமார்:
நடுவுல பாட்டு சண்டை வேண்டாம். அட்ரஸ் கேட்டேன், பதில் வரல. நான் கலைக்கு எதிரி இல்ல, எங்க பசங்களே நல்லா வரைவானுங்க. ஆனா என்ன வரையணும்னு எங்களைக் கேட்டு முடிவு பண்ணுங்க, பஸ்ஸும் தண்ணியும் ஒழுங்கா வரணும்னு எங்ககூட சேர்ந்து சத்தம் போடுங்க. படம் புடிச்சுட்டுப் போயிட்டு பேரு மாறிச்சுன்னா எப்படி?

அடையாறுவாசி:
நீங்க எப்பவும் இப்படித்தான், ஒண்ணையே புடிச்சுத் தொங்குவீங்க. பேரு மாறிச்சு, நான் நேர்ல பார்த்தேன்.

துரைப்பாக்கம்_குமார்:
நீங்க பார்த்தீங்க. நான் அங்க குடியிருக்கேன்.

வியாசர்பாடி_மச்சி:
ரசிகன் சார், கானா பத்திக் கேட்டேனே, எங்க ஓடிட்டீங்க?